பாய்லர் ஆலைக்குப் போன பிரசவ டாக்டர்: யார் இந்த இயான் டொனால்டு?

ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று வந்திருக்கா? ஊசி, கத்தி எதுவும் இல்லாமல் அதைக் காட்டிக்கொடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு வழிபோட்டவர்களில் முக்கியமானவர் ஒரு பிரசவ டாக்டர்.

இயான் டொனால்டு 1910-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் விமானப்படை மருத்துவர். ரேடார், சோனார் எல்லாம் அப்போதே பரிச்சயம். 1954-ல் கிளாஸ்கோவில் பேராசிரியர் ஆனார். மறு வருஷம், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு ஒரு பாய்லர் கம்பெனிக்குக் கிளம்பிட்டார்! உலோகத்தில் விரிசல் தேடும் மெஷினை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாட்டிறைச்சித் துண்டு. நீர்க்கட்டியும் கெட்டியான கட்டியும் வேறு வேறு எதிரொலி தந்தன.

சக டாக்டர்கள் பலர் கிண்டலடித்தார்கள். அப்போதுதான் வயிறு வீங்கிய ஒரு பெண் வந்தார். குணமாகாத புற்றுநோய் என்று கைவிடப்பட்டவர். ஸ்கேனில் தெரிந்ததோ பெரிய சினைப்பை நீர்க்கட்டி. அகற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். 1958-ல் இன்ஜினியர் டாம் பிரவுன், டாக்டர் ஜான் மெக்விகார் ஆகியோருடன் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. அதன்பிறகு கிண்டல் அடங்கியது.

கல்லீரலிலும் அதே எதிரொலிதான். கொழுப்பு சேர்ந்தால் ஒலி அதிகம் சிதறும்; திரையில் பக்கத்து கிட்னியைவிட வெள்ளையாகத் தெரியும். கொழுப்பு கொஞ்சமாக இருந்தால் மட்டும் தப்பிவிடலாம். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்க ஃபைப்ரோஸ்கேன் வேண்டும். அது வந்தது 2000-களில். டொனால்டு 1987-லேயே இறந்துவிட்டார்.