நீர்வழி கண்ட காட்டன்

பயிர் விளைய நீர் வேண்டும். விளைந்த நெல் பசித்தோரைச் சென்றடைய வழி வேண்டும். இவ்விரண்டையும் ஒரே கால்வாய் தரும் என நம்பி உழைத்தவர் சர் ஆர்தர் காட்டன்.

1803ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த காட்டன், 18ஆம் வயதில் பொறியாளராகச் சென்னைக்கு வந்தார். காவிரிப் பகுதியில் பணியாற்றுகையில் பழந்தமிழர் கட்டிய கல்லணையைக் கண்டு வியந்தார். மணல் நிறைந்த ஆற்றிலும் அணை நிலைத்து நிற்கும் என்னும் உண்மையை அதனிடம் கற்றார். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைகள் அமைத்தார். பின்னர், பஞ்சத்தால் நலிந்திருந்த கோதாவரிப் பகுதிக்குச் சென்றார். அங்கே தௌலேசுவரத்தில் 1847இல் தொடங்கிய பெரிய அணை 1852இல் நிறைவெய்தியது.

அவ்வணையிலிருந்து பிரிந்த கால்வாய்கள் வயல்களுக்கு நீர் ஊட்டின. சரக்குப் படகுகளையும் தாங்கின. நீர்மட்டம் மாறும் இடங்களில் இரு கதவுகளுக்கு இடையே படகை நிறுத்தி, நீரைக் கூட்டியோ குறைத்தோ அதனை ஏற்றி இறக்கினர். மாட்டு வண்டி சில மூட்டைகளையே சுமக்கும். படகின் பாரத்தையோ நீரே தாங்கும். கரையில் நடந்து கயிற்றால் இழுக்கும் சிலரே பெருஞ்சுமையைக் கொண்டு செல்வர். ஆதலின் கூலி குறைந்தது.

அந்நாளில் அரசு இருப்புப்பாதைகளுக்கே பெரும்பொருள் செலவிட்டது. நாடெங்கும் நீர்வழிகளை இணைக்க வேண்டும் எனக் காட்டன் வாதாடினார். அவருடைய எண்ணப்படி தொடங்கிய கர்நூல் – கடப்பைக் கால்வாய் எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. 1882இல் அரசே அதனை வாங்க நேர்ந்தது. எதிர்த்தோர் அதனைச் சுட்டிக் காட்டினர். 1878இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் கடுமையான வினாக்களுக்கு விடையளித்தார். எனினும் புகைவண்டியே வென்றது. 1899இல், தம் கனவு முற்றும் நிறைவேறாமலே, காட்டன் மறைந்தார்.

1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சத்தின்போது நீட்டிக்கப்பட்ட பக்கிங்காம் கால்வாய், ஆந்திரக் கரையையும் புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மரக்காணம் பகுதியையும் இணைத்தது. உப்பும் விறகும் நெல்லும் அதன்வழி சென்னைக்கு வந்தன. பிற்காலத்தில் புயலாலும் தூராலும் படகுகள் குறைந்தன. 2008இல் காக்கிநாடா – புதுச்சேரிக் கால்வாய்களும் கோதாவரி, கிருஷ்ணை ஆறுகளின் பகுதிகளும் தேசிய நீர்வழி 4 என அறிவிக்கப்பெற்றன. புதுச்சேரி மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையில் உருவாகும் பண்டங்கள் சாலை வழியே லாரிகளில் செல்கின்றன. அந்நீர்வழி செம்மையுற்றால் அத்தகைய சரக்குகளில் ஒரு பகுதியையேனும் குறைந்த செலவில் சுமக்கும். ஒரு தலைமுறை ஏற்காத கருத்தைப் பின்வரும் தலைமுறை மீண்டும் எண்ணிப் பார்ப்பதுண்டு என்பதற்குக் காட்டனின் வாழ்வு சான்றாகும்.