மொழியைத் தானமாகத் தந்த கண் டாக்டர்

தோழர்களே, ஒரு புது மொழியையே உண்டாக்கி, அதை உலகத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டுப் போன ஒரு மனிதரைப் பற்றி இந்த வாரம் பார்ப்போம். அவர்தான் டாக்டர் சாமென்ஹோப்.

1859 டிசம்பர் 15-ல் பியாலிஸ்டாக் என்ற ஊரில் பிறந்தவர். இன்றைக்கு அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. அன்றைக்கு ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சி. யூதர், போலந்துக்காரர், ரஷ்யர், ஜெர்மானியர் என்று நாலு இனத்தாரும் ஒரே ஊரில் வாழ்ந்தார்கள். ஆளுக்கொரு மொழி. பேச்சு புரியாத இடத்தில் சந்தேகம் வரும். சந்தேகம் முற்றினால் கைகலப்புதான். யூதப் பிள்ளையான சாமென்ஹோப் இதையெல்லாம் பார்த்தே வளர்ந்தார்.

தாய்மொழி அவரவர் வீட்டில் இருக்கட்டும். வெளியில் பேச எல்லாருக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று நினைத்தார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, 1878-ல், முதல் முயற்சியை முடித்துவிட்டார். பிறகு வைத்தியம் படித்துக் கண் டாக்டரானார். 1887-ல், மாமனாராக வரவிருந்தவர் பண உதவி செய்ய, வார்சாவில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். தன் பெயரைப் போடாமல், நம்பிக்கையுள்ளவர் என்ற பொருளில் டாக்டர் எஸ்பெராண்டோ என்று போட்டுக்கொண்டார். அதுவே மொழிக்கும் பெயராகிவிட்டது.

இலக்கணம் மொத்தம் 16 விதிதான். லபோரோ என்றால் வேலை. லபோரிஸ்டோ என்றால் தொழிலாளி. போனா என்றால் நல்ல. மல்போனா என்றால் கெட்ட. ஒரு சொல்லைப் படித்தால் நாலு சொல் கூடவே வந்துவிடும்.

இந்த மொழி எல்லாருக்கும் பொதுச்சொத்து, எனக்கு உரிமை வேண்டாம் என்று அந்தப் புத்தகத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். வார்சாவில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து, கிடைத்ததில் குடும்பம் நடத்தினார்.

1905-ல் பிரான்சில் முதல் உலக மாநாடு. பல நாட்டிலிருந்து ஏறக்குறைய 700 பேர் வந்து, மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசிக்கொண்டார்கள். ஆனால் மறு வருஷமே அவர் பிறந்த ஊரில் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். மனம் நொந்தார், வேலையை விடவில்லை. பொது மொழி வந்தால் மனிதரெல்லாம் தேவராகிவிடுவார்கள் என்று அவரும் நம்பியதில்லை. தெரியாததால் வரும் பகையாவது குறையட்டுமே என்றுதான் பாடுபட்டார். 1912-ல் தலைமைப் பொறுப்பையும் விட்டுக்கொடுத்தார்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1917 ஏப்ரல் 14-ல் கண்ணை மூடினார். அடுத்த போரில் அவருடைய மூன்று பிள்ளைகளையும் ஹிட்லரின் ஆட்கள் கொன்றார்கள். ஆனாலும் அந்த மொழி சாகவில்லை. 1921-லேயே பல நாட்டுத் தொழிலாளர்கள் அதை வைத்துத் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். இன்றைக்கும் அதைப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நாமும் பல மொழிக்காரரோடு சேர்ந்து உழைக்கிறவர்கள்தானே! பக்கத்தில் நிற்கிற தொழிலாளியின் மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்வோம். நம்மைப் பிரித்து வைக்க நினைப்பவர்களுக்கு அதைவிடக் கஷ்டமான காரியம் வேறில்லை.