பலகைக்குள் மணல் நிரப்பிய பிரிக்ஸ்



ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களைக் கடையில் ரெடிமேடாக வாங்காமல், கிட்டாக வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆசை உங்களில் சிலருக்கு இருக்கும். வூஃபர், ட்வீட்டர், கிராஸ்ஓவர் போர்டு, அளவாக அறுத்த பலகைகள், உள்ளே வைக்கும் பஞ்சு எல்லாம் ஒரே பார்சலில் வந்துவிடும். ஒரு ஸ்க்ரூடிரைவர், கொஞ்சம் பசை, இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும் என்று தோன்றும். பார்சலைப் பிரிப்பதற்கு முன் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் ஸ்பீக்கர் செய்ய நினைக்கும் சாதாரண ஆட்களுக்காகவே புத்தகங்கள் எழுதியவர் அவர். பெயர் கில்பர்ட் பிரிக்ஸ். வார்ஃப்டேல் என்ற பெயரை ஸ்பீக்கர்களில் பார்த்திருப்பீர்கள். அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் இவர்தான்.

பிரிக்ஸ் 1890 டிசம்பரில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், பிராட்ஃபோர்டு நகரை ஒட்டிய கிளேட்டனில் பிறந்தார். பிராட்ஃபோர்டு கம்பளித் துணிக்குப் பெயர்போன ஊர். அந்த ஊர்ப் பிள்ளைகள் பலரையும் போல அவரும் ஜவுளி வணிகத்துக்குப் போனார். அவர் இன்ஜினியர் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இருந்தது இரண்டு விஷயங்கள்: பியானோ மீது தீராத பிரியம், அதன் ஓசையைக் கூர்ந்து கேட்கும் காது.

1922-ல் பிபிசி ஒலிபரப்பு தொடங்கியது. வீடுகளுக்கு ரேடியோ வந்தது, அதோடு ஸ்பீக்கரும் வந்தது. ஆனால் அந்த ஸ்பீக்கரில் பியானோ பியானோவாகக் கேட்கவில்லை. பேச்சு புரியும், இசை தகர டப்பாவுக்குள் அடைத்ததுபோல இருக்கும். பெரும்பாலானவர்கள் இவ்வளவுதான் கிடைக்கும் என்று விட்டுவிட்டார்கள். பிரிக்ஸால் விட முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. பிராட்ஃபோர்டின் ஜவுளித் தொழில் படுத்துவிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய, வேறு தொழில் கற்காத, குடும்பஸ்தரான ஒருவருக்கு அது எப்படிப்பட்ட காலம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 1932-ல், இல்க்லி என்ற ஊரில் இருந்த தன் வீட்டு நிலவறையில் பிரிக்ஸ் தன் முதல் ஸ்பீக்கரைச் செய்தார். அந்த ஊர் வார்ஃப் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் பெயரையே தன் ஸ்பீக்கருக்கு வைத்தார்.

ஸ்பீக்கர் வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு காந்தத்தின் இடுக்கில் மெல்லிய கம்பிச் சுருள் இருக்கும். அதற்கு காயில் என்று பெயர். பாட்டின் மின்சாரம் அதில் பாயும்போது அது முன்னும் பின்னும் அசையும். அதோடு ஒட்டிய காகிதக் கூம்பும் அசையும், காற்று அதிரும், நமக்குக் கேட்கும். காந்தத்தின் இடுக்கு சற்றே அகலமானாலும் பலம் குறையும். காயில் கொஞ்சம் சாய்ந்தாலும் உரசி, கரகரக்கும். ஆகவே இதில் வேண்டியது பொறுமை. பிரிக்ஸிடம் அது இருந்தது.

பிராட்ஃபோர்டு ரேடியோ சங்கம் ஆண்டுதோறும் ஸ்பீக்கர் போட்டி நடத்தும். அதில் அவருடைய ஸ்பீக்கர்கள் முதல் பரிசையும் இரண்டாம் பரிசையும் சேர்த்து வென்றன. அந்தத் தைரியத்தில் 1933-ல் பிராட்ஃபோர்டு பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் வருவதற்குள் ஆண்டுக்கு 9,000 ஸ்பீக்கர் செய்யும் அளவுக்கு அது வளர்ந்தது.

1945-ல் வார்ஃப்டேல் ஒரு புதிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது. உருவத்தில் ஃப்ரிட்ஜ் அளவு இருந்த அதில் தாழ்ந்த சுரங்களுக்கு ஒரு பெரிய யூனிட், உயர்ந்த சுரங்களுக்கு ஒரு தனி யூனிட் என்று இரண்டு இருந்தன. இரண்டுக்கும் ஒலியைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் கிராஸ்ஓவர். அதில் இருக்கும் சுருள் உயர்ந்த சுரங்களைத் தடுக்கும், கெப்பாசிட்டர் தாழ்ந்த சுரங்களைத் தடுக்கும். உங்கள் கிட்டில் உள்ளங்கை அளவு போர்டாக வரும் அதே வேலையை அன்று கனமான இரும்பும் செம்பும் செய்தன.

பிரிக்ஸ் நல்ல ஸ்பீக்கர் செய்ததோடு நிறுத்தியிருந்தால், நல்ல வியாபாரி என்ற அளவில் அவர் கதை முடிந்திருக்கும். 1948-ல் அவர் ஒலிபெருக்கிகளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதி, தன் நிறுவனத்தின் மூலமே வெளியிட்டார். ஸ்பீக்கர் எப்படி வேலை செய்கிறது, பெட்டியை எப்படிச் செய்வது, அறையில் எங்கே வைப்பது என்று நமக்குப் புரியும் பாஷையில் எழுதினார். கடினமான கணக்குகளைத் தவிர்த்தார், நடுநடுவே நகைச்சுவையும் கலந்தார். அந்தப் புத்தகம் பல பதிப்புகள் கண்டது. தொடர்ந்து பியானோக்களைப் பற்றியும் ஆடியோவைப் பற்றியும் எழுதினார். 1962-ல் பெட்டி செய்வதற்கென்றே தனியாக ஒரு கையேடு கொண்டுவந்தார்.

ஒரு நிமிடம் யோசியுங்கள். ஸ்பீக்கர் விற்று வாழும் ஒருவர், தன் வித்தையை விலைபோட்டுப் பூட்டி வைக்காமல், நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தார். அவருக்கு நஷ்டம் வரவில்லை. விஷயம் புரிந்தவர்கள் அவருடைய யூனிட்டுகளைத் தேடி வாங்கினார்கள், பெட்டியைத் தாங்களே செய்தார்கள்.

அந்தப் புத்தகங்களில் அவர் திரும்பத் திரும்ப அழுத்திச் சொன்னது பெட்டியைப் பற்றித்தான். கூம்பு முன்னே தள்ளும்போது பின்பக்கக் காற்று எதிர்த்திசையில் இழுபடும். இரண்டு அலைகளும் சந்தித்தால் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால்தான் ஸ்பீக்கருக்குப் பெட்டியோ பெரிய பலகையோ வேண்டும். ஆனால் பலகை மெலிதாக இருந்தால் அதுவும் சேர்ந்து அதிரும், பாட்டோடு பெட்டியின் குரலும் கலந்து வரும். இதற்கு பிரிக்ஸ் கண்ட வழி இதுதான்: இரண்டு பிளைவுட் தகடுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, அதில் காய்ந்த மணலை நிரப்பினார். அதிர்வு மணல் துகள்களின் உரசலில் அடங்கிவிடும். அந்தப் பலகையைத் தட்டினால் சுவரைத் தட்டியதுபோல இருக்கும். அறையின் மூலையில் செங்கல் கட்டி அதையே பெட்டியாக்கும் முறையையும் அவர் சொல்லிக்கொடுத்தார். மணலும் செங்கல்லும் எந்த ஊரிலும் கிடைக்கும். ஏழை எளியவர்களுக்கும் எட்டும் பொருளைக் கொண்டே தரத்தைக் கூட்டலாம் என்று காட்டினார்.

இதெல்லாம் உண்மைதானா என்று ஊர் கேட்காமல் இருக்குமா? 1954 நவம்பரில் லண்டனின் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் பிரிக்ஸ் ஒரு பரீட்சைக்குத் தயாரானார். சுமார் 3,000 பேர் உட்காரும் அரங்கம். மேடையில் கலைஞர்கள் நேரில் வாசிப்பார்கள், அடுத்து அதே இசை பதிவிலிருந்து ஸ்பீக்கர்களில் ஒலிக்கும். இரண்டையும் கேட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று மக்களிடம் விட்டுவிட்டார். ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் அவருக்குத் துணை நின்றவர் குவாட் நிறுவனத்தின் பீட்டர் வாக்கர்.

இதில் இருந்த ஆபத்தைப் பாருங்கள். கடையில் டெமோ போடும்போது ஒப்பிட்டுப் பார்க்க எதிரே நிஜமான பியானோ இருக்காது. இங்கே இருந்தது. ஸ்பீக்கர் சொதப்பினால் இருபது வருட உழைப்பின் பெயர் ஒரே மாலையில் கெட்டிருக்கும். அரங்கம் நிறைந்தது, நிகழ்ச்சி பேசப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே அரங்கில் நடத்தினார். 1955-ல் நியூயார்க்கின் கார்னகி ஹாலுக்கும் போனார். நிஜ இசைக்கும் பதிவுக்கும் வித்தியாசமே இல்லை என்று அவர் பெருமை அடித்துக்கொள்ளவில்லை. எங்கே நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்பதை மக்கள் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

1958-ல், 67 வயதில், நிறுவனத்தை ரேங்க் குழுமத்துக்கு விற்றார். அவரிடம் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ரேமண்ட் குக் 1961-ல் வெளியே வந்து கெஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். கெஃப், வார்ஃப்டேல் இரண்டுமே பின்னாளில் வீட்டில் பூட்டிக்கொள்ளும் ஸ்பீக்கர் கிட்டுகளை விற்றன. பிரிக்ஸ் 1965-ல் ஓய்வு பெற்றார், 1978-ல் 87-ஆவது வயதில் காலமானார்.

இனி உங்கள் கிட்டுக்கு வருவோம். அவர் கற்றுக்கொடுத்ததிலிருந்து, நம்மைப் போல அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் பயன்படும் சில விஷயங்கள்:

பட்ஜெட்டை முழுவதும் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் செலவழித்துவிடாதீர்கள். கனமான பலகை, உள்ளே குறுக்குச் சட்டம், காற்று கசியாத மூட்டு, இவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். பூட்டிய பிறகு விரல் முட்டியால் பெட்டியைத் தட்டிப் பாருங்கள். டம் டம் என்று ஒலித்தால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

ஒவ்வொரு யூனிட்டிலும் பிளஸ், மைனஸ் முனைகளைக் கவனமாக இணையுங்கள். வூஃபரைச் சோதிக்க ஒரு 1.5 வோல்ட் பேட்டரி போதும். அதன் பிளஸ்ஸை வூஃபரின் பிளஸ்ஸில் ஒரு நொடி தொட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். ஒரு பக்கத்து ஸ்பீக்கர் மாறி இணைந்துவிட்டால் பேஸ் காணாமல் போகும். ட்வீட்டரில் இப்படிச் சோதிக்க வேண்டாம், அதன் சுருள் மெல்லியது.

சுவர் மூலை பேஸைக் கூட்டும். பிரிக்ஸ் அதை நன்மையாகப் பயன்படுத்தினார். நமக்கு அந்த மூலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் தூங்குகிறது. சப்வூஃபரைப் பொதுச் சுவரிலிருந்து தள்ளி, ரப்பர் தாங்கிகள் மீது வையுங்கள். பேஸ் சுவரையும் தளத்தையும் கடந்து போகும், கதவை மூடினால் நிற்காது. இரவு 10 மணிக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிடுவது நல்லது.

கடைசியாக, உங்கள் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வெடிச்சத்தம் நிறைந்த சினிமாக் காட்சியைப் போடாதீர்கள். நிஜ வெடியை நம்மில் யாரும் பக்கத்தில் நின்று கேட்டதில்லை. நீங்கள் நேரில் கேட்டுப் பழகிய ஒரு குரலை, ஒரு வீணையை, ஒரு மிருதங்கத்தைப் போட்டுக் கேளுங்கள். அது உங்கள் கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருந்தால் கிட் தேறிவிட்டது. இல்லையென்றால் பெட்டியைத் திறந்து மறுபடியும் பாருங்கள். நீங்களே செய்ததுதானே, திறக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.