துடுப்புக்கு விடை கொடுத்தவர்

1906ஆம் ஆண்டின் கோடைக்காலம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஒக்காச்சி ஏரிக் கரையில் நண்பர்கள் சிலர் கூடியிருந்தனர். ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டும் என்று பெஸ் ஆசைப்பட்டார். உடனே ஓலே எவின்ரூட் படகில் ஏறிச் சுமார் 4 கிலோமீட்டர் துடுப்புப் போட்டு, அக்கரைக்குப் போய் வாங்கினார். கொளுத்தும் வெயிலில் அவர் திரும்பி வருவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டது. படகுக்கு ஓர் இயந்திரம் வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் அவருக்குத் தோன்றியதாம். இந்தக் கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால், அவர் இயந்திரம் செய்தது உண்மை.

ஓலே 1877இல் நார்வேயில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதானபோது குடும்பம் விஸ்கான்சினில் குடியேறி விவசாயம் செய்தது. பள்ளிப் படிப்பு சில ஆண்டுகளிலேயே நின்றுவிட்டது. பதினாறு வயதில் மேடிசன் நகருக்குச் சென்று இயந்திரப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு உழைத்தார். இரவில் கணிதமும் பொறியியலும் நூல்களின் வழியே தாமே கற்றார். புத்தகம் சொன்னதைப் பட்டறை சோதித்தது. பட்டறையில் புரியாததைப் புத்தகம் விளக்கியது.

பின்னர் மில்வாக்கி நகரில் தொழில் தொடங்கினார். பெஸ்ஸை மணந்தார். 1909இல் அவருடைய மோட்டார் விற்பனைக்கு வந்தது. எடை சுமார் 28 கிலோகிராம். ஆற்றல் ஒன்றரைக் குதிரைத்திறன். படகின் பின்பலகையில் திருகாணியால் இறுக்கிவிட்டால் போதும். மேலே இருக்கும் இயந்திரம் செங்குத்தான தண்டைச் சுழற்றும். நீருக்கடியில் உள்ள பற்சக்கரங்கள் அச்சுழற்சியைத் திசைதிருப்பி விசிறிக்குக் கொடுக்கும். படகில் மாட்டும் மோட்டாரை அவருக்கு முன்பே வேறு சிலரும் செய்திருந்தனர். எனினும், அதைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுசேர்த்தவர் ஓலேதான். முதலில் அது காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம்போல இருப்பதாகப் பெஸ் கேலி செய்தார். அதே பெஸ்தான் துடுப்புகளை வீசி எறியச் சொல்லி விளம்பரம் எழுதினார். கணக்கு வழக்குகளையும் கவனித்துக்கொண்டார். வணிகம் பெருகியது.

பெஸ்ஸின் உடல்நலமோ குன்றியது. தொழிலா, மனைவியா என்ற நிலை வந்தபோது ஓலே தயங்கவில்லை. தமது பங்கைக் கூட்டாளியிடமே விற்றார். ஐந்தாண்டுகளுக்கு அத்தொழிலில் இறங்குவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். தம் பெயர் பொறித்த மோட்டார்களை வேறொருவர் விற்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு கண்டுபிடிப்பாளர் சும்மா இருப்பது எளிதா?

அவர் வாக்கு மீறவில்லை. ஆனால், கையும் மனமும் ஓயவில்லை. அலுமினியத்தைப் பயன்படுத்தி, இரண்டு சிலிண்டர்களுடன், பழையதைவிட எடை குறைந்த மோட்டாரை வடிவமைத்தார். கெடு முடிந்ததும் அதை முதலில் பழைய கூட்டாளியிடமே கொண்டுபோனார். அவர் வேண்டாம் என்றார். எனவே, கணவனும் மனைவியும் எல்டோ என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கி, பழைய நிறுவனத்தோடு போட்டியிட்டனர். 1929இல் இரு நிறுவனங்களும் ஒன்றாக இணைந்தன. தலைவராக ஓலே பொறுப்பேற்றார்; விற்றுப்போன பெயர் அவரிடமே திரும்பி வந்தது.

பெஸ் 1933இல் காலமானார். அடுத்த ஆண்டு ஜூலையில் ஓலேயும் மறைந்தார். அவருக்கு அப்போது வயது 57. அவருக்குப்பின் மகன் ரால்ப் நிறுவனத்தை நடத்தினார்.