தொட்டிக்குள் ஓர் ஆறு



ஹைட்ராலிக்ஸ் லேபில் கண்ணாடிக் குழாய்க்குள் சாயம் விட்டு ரெனால்ட்ஸ் எண் கண்டுபிடிக்கிறோம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதும் அவரை மறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தபோது எனக்கு எங்க அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். வருஷா வருஷம், ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற தலைப்பில் மணல் வாரும் கூலி வேலைக்குப் போவார். வாரிய இடத்திலேயே மறு வருஷமும் மணல் நிற்கும். ஏன் இப்படி என்று என்னைக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியல.

ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1842-ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். கல்லூரிக்கு முன்பே, 1861-ல், ஒரு பட்டறையில் தொழில் பழகினார். பிறகு கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து 1867-ல் பட்டம் பெற்றார். மறு வருஷமே மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியர். வயது 25தான்! நம் சாயச் சோதனை 1883-ல் அவர் வெளியிட்டது.

மெர்சி ஆற்று முகத்துவாரத்தின் மணல் திட்டுகள் கப்பல் கால்வாய் வேலையால் இடம் மாறுமா என்று அப்போது பெரிய விவாதம். ரெனால்ட்ஸ் 1885-ல் அந்த முகத்துவாரத்தையே ஒரு தொட்டிக்குள் செய்தார். நீள அகலம் சுமார் 31,800-ல் ஒரு பங்கு. ஆழத்தையும் அதே அளவில் குறைத்தால் 10 மீட்டர் தண்ணீர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, மணல் அசையாது. அதனால் ஆழத்தை மட்டும் 960-ல் ஒரு பங்காக வைத்தார். மணலைச் சமமாகப் பரப்பி, கடல் ஏற்ற இறக்கம் போலத் தண்ணீரை ஆயிரக்கணக்கான தடவை போகவர விட்டார். நிஜ மெர்சியில் உள்ளதைப் போன்ற கால்களும் திட்டுகளும் தாமாகவே உருவாயின!

1905-ல் ஓய்வு பெற்ற அவர் 1912-ல் காலமானார். அவர் காட்டிய வழியில் இன்றும் மாதிரிகள் செய்கிறார்கள். மணலை ரொம்பப் பொடியாக்கினால் களிமண் போல ஒட்டிக்கொள்ளும் என்பதால், சில மாதிரிகளில் லேசான நிலக்கரித் தூளைப் போடுகிறார்கள். தலைமதகு எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும், மணல் போக்கி எங்கே வேண்டும் என்பதையெல்லாம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

அப்பாவின் கேள்விக்கும் விடை கிடைத்தது. மேல் தண்ணீர் வேகமாக நேரே ஓடும். அடித் தண்ணீர் மெதுவாகப் போவதால் சுலபமாக வாய்க்கால் பக்கம் திரும்பும். மணல் இருப்பதோ அடியில்தான். அதனால் தண்ணீரின் பங்கைவிட மணலின் பங்கு வாய்க்காலுக்கு அதிகமாக வந்து சேருகிறது.

போன லீவில் வாசலில் தகரத் தட்டு வைத்து, மணல் பரப்பி, பக்கத்தில் ஒரு வாய்க்கால் பிரித்துத் தண்ணீர் ஊற்றினேன். தலைப்பில் மணல் சேர்ந்தது. அப்பா குனிந்து பார்த்தார். ஒண்ணும் பேசல. இன்னொரு குடம் தண்ணி ஊத்தச் சொன்னார்.

நண்பர்களே, ஃபார்முலாவை மனப்பாடம் செய்யுங்கள், மார்க் வரும். ஒரு தடவை தட்டிலும் ஊற்றிப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் புரியும்.

– இரண்டாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு