ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ்

அக்காலத்து இருப்புப்பாதை வண்டிகளில், சுழலும் அச்சின்மேல் பித்தளைத் தாங்கியொன்று அமர்ந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டு உராய்வனவென்றே நாம் எண்ணுவோம். உண்மையில், எண்ணெய் நன்கு ஊட்டப்பெற்று அச்சு விரைந்து சுழலுங்கால், அவை தொடுவதில்லை. இடையே புகுந்த மெல்லிய எண்ணெய்ப் படலமே பாரம் முழுவதையும் சுமக்கின்றது. அஃது எங்ஙனம் சுமக்கின்றதென்று கணிதத்தால் காட்டியவர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ்.

இவர் 1842-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் அயர்லாந்திலுள்ள பெல்ஃபாஸ்டில் பிறந்தார். தந்தையார் குருவானவர், பள்ளிக்கூடம் நடத்தியவர், இயந்திர நுட்பத்திலும் பற்றுடையவர். மைந்தர் முதலில் பட்டறையொன்றில் கைத்தொழில் பயின்று, பின்னரே கேம்பிரிட்ஜ் சென்று, 1867-இல் கணிதத் தேர்வில் ஏழாமிடம் பெற்றார். மறுவருடமே மான்செஸ்டர் ஓவன்ஸ் கலாசாலையில் பொறியியற் பேராசிரியரானார். அவ்வாண்டில் மணந்த மனைவியை 1869-இல் இழந்தார். நெடுநாள் தனித்திருந்து, 1881-இல் மறுமணம் புரிந்தார்.

அவருடைய விரிவுரைகள் மாணாக்கர் பலருக்கு விளங்கவில்லையாம். ஒருநாள் வகுப்பில் கணக்குச் சட்டத்தை நகர்த்தி, மும்மடங்கு நான்கு 11.8 எனக் கண்டு, நம் காரியத்துக்கு அது போதுமென்றாராம். ஆயினும், பின்னாளில் எலெக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன் அவரிடம் பயின்றவரே. ஆதலின் விளங்காத விரிவுரைகளை நாம் அடியோடு வெறுத்தலாகாது போலும்!

1883-இல் பீச்சம் டவர் என்னும் பொறியியலாளர் தம் சோதனைகளை வெளியிட்டார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் அவர் துளையிட, அதன் வழியே எண்ணெய் மேலெழுந்து வழிந்தது. தக்கை கொண்டு அடைத்தார். எண்ணெய் அதனைத் தள்ளிற்று. மரமுளையாலும் அதனை நிறுத்த இயலவில்லை. சதுர அங்குலத்திற்கு 200 இராத்தல்வரை காட்டும் அழுத்தமானியை வைத்தார். முள் அவ்வெல்லையையும் கடந்தது. தாங்கியின்மீது சராசரியாக இருந்த பாரமோ 100 இராத்தலே!

இப்புதிரை ரெனால்ட்ஸ் 1886-இல் அவிழ்த்தார். திண்பொருளின் பரப்பில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் சுழலும் அச்சு அதனைத் தன்னோடு இழுத்துச் செல்லும். செல்லும் வழி ஆப்புப்போல் குறுகுமாயின், எண்ணெய் நெருக்குண்டு அழுத்தம் பெருகும். அவ்வழுத்தமே பாரத்தைத் தாங்கும். இடைவெளி எங்கும் சமமாயிருப்பின் இவ்வழுத்தம் எழாது. படலத்தின் கனம் அதன் நீளத்தை நோக்க மிகச் சிறிதாதலின், குறுக்கே அழுத்தம் மாறாதென்று கொண்டார். அதனால் பாய்மங்களின் இயக்கத்தைக் கூறும் சிக்கலான சமன்பாடுகள் ஒரே சமன்பாடாய்ச் சுருங்கின. தமிழ் கற்கும் நாம் கணிதக் குறிகளைக் கண்டு அஞ்சுவோமெனினும், எதனை விடலாமென்று அறிந்த இத்துணிவை வியவாதிருத்தல் அரிது. சூடேறின் எண்ணெயின் பிசுப்பு குறையுமென்பதையும் அவர் மறந்தாரல்லர். ஒலிவ எண்ணெயைத் தாமே அளந்து பார்த்தார்.

சுவரில் பூசிய வர்ணம் வழிவதையும், கண்மணிமேல் கண்ணீர்ப்படலம் பரவுவதையும் ஆராய்வோர் இன்றும் இம்முறையையே கையாள்கின்றனர். அவற்றின் மேற்புறம் காற்றுக்குத் திறந்திருத்தலால், பரப்பு இழுவிசையையும் கணக்கிற் சேர்க்கின்றனர்.

1888-இல் ராயல் சங்கம் அவருக்கு அரச பதக்கம் அளித்தது. உடலும் உள்ளமும் தளர்ந்தமையால் 1905-இல் பதவியினின்றும் விலகி, சாமர்செட் நாட்டு வாட்செட் என்னும் கடற்கரையூரில் 1912 பெப்ருவரி 21-ஆம் நாள் காலமானார்.