புகைவண்டிக்கு வழி கோலிய நானா சங்கர்சேட்

மும்பை மாநகரில் நாள்தோறும் மின்வண்டி ஏறிப் பணிக்குச் செல்லும் நாம், இப்பாதைக்கு வித்திட்டோருள் ஒருவர் இம்மண்ணிற் பிறந்த வணிகர் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். புகைவண்டி ஆங்கிலேயர் தாமாகவே அளித்த கொடை என்று எண்ணுவோர் பலர். நானா என்று மக்கள் அன்புடன் அழைத்த ஜகந்நாத் சங்கர்சேட் அவர்களின் வரலாறு அவ்வெண்ணத்தை மாற்றும்.

1803ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் செல்வ வணிகக் குடும்பமொன்றில் அவர் தோன்றினார். இளமையிலேயே தந்தையை இழந்து, குடும்ப வாணிபத்தை ஏற்று நடத்தினார். ஈட்டிய பொருளைத் தமக்கென மட்டும் வைத்துக்கொண்டாரில்லை. பெண் கல்வியைப் பலரும் வெறுத்த அந்நாளில், தம் இல்ல வளாகத்திலேயே பெண்கள் பள்ளிக்கு இடமளித்தார்.

தக்காணத்துப் பருத்தி மாட்டு வண்டிகளில் மலைத்தொடரைக் கடந்து பம்பாய்த் துறைமுகத்தை அடைந்த காலம் அது. இங்கிலாந்தில் லிவர்பூல் – மான்செஸ்டர் பாதை திறக்கப்பெற்றுப் பதினைந்து ஆண்டுகளே கழிந்திருந்தன. 1845இல் நானா, ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயுடன் கூடி இந்திய இரயில்வே சங்கத்தை நிறுவினார். இம்முயற்சி பின்னர் கிரேட் இந்தியன் பெனின்சுலா இரயில்வே கம்பெனியுடன் இணைந்தது. அக்கம்பெனியின் இயக்குநர் பதின்மருள் இந்தியர் இவ்விருவரே.

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பிற்பகல், 21 பீரங்கிக் குண்டுகள் முழங்க, போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் பயணி வண்டி புறப்பட்டது. 21 மைல் தூரம், 14 பெட்டிகள், ஏறத்தாழ 400 விருந்தினர். சாகிப், சிந்து, சுல்தான் என்னும் மூன்று நீராவி எஞ்சின்கள் வண்டியை இழுத்தன. விருந்தினருள் நானாவும் அமர்ந்து சென்றார்.

அரசின் மதிப்பைப் பெற்றவராயினும் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அவர் ஐயத்திற்கு ஆளானார். குற்றம் மெய்ப்பிக்கப்படாமையால் விடுபட்டார். அதன் பின்னும் பொதுப்பணியை விட்டாரில்லை. 1862இல் பம்பாய்ச் சட்ட மன்றத்தில் உறுப்பினரானார்.

1863இல் போர்க் கணவாய்ப் பாதை திறக்கப்பெற்றது. மலையைக் குடைந்து 25 சுரங்கங்கள் அமைத்த அப்பணியில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் நோயாலும் விபத்தாலும் மாண்டனர். இயக்குநரின் பெயர் நிலைத்தது. கல் சுமந்தோரின் பெயர்கள் நிலைக்கவில்லை. நானாவைப் போற்றும் நாம் அவர்களையும் நினைத்தல் முறையாகும்.

1865ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் நானா மறைந்தார். ஆறாண்டு கழித்து, 1871இல், பம்பாய்ப் பாதையும் சென்னைப் பாதையும் இராய்ச்சூரில் கைகோத்தன. அவ்விணைப்பைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. ஆயின், நம் முன்னோர் பலர் பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்தது அவ்வழியேதான். நகர மண்டபத்தில் ஏஷியாட்டிக் சங்கத்தில் அவரது சலவைக்கற் சிலை இருக்கிறது. விடுமுறை நாளில் நம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று, நம்மை இவ்வூருக்குக் கொண்டுவந்த பாதையின் கதையைச் சொல்லுவோமாக.